மூன்றாம் கைக்கு ஒரு மூச்சு

மொக்கையன் முகத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, வாய் வழியாக மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். குமிழிகள் காதோரமாகக் குடுகுடுவென்று ஏறின. ஏரிக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்த பூமாரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏ மாமா, பானையில சோறு கொதிக்கிறாப்ல இருக்கு."

புருஷன்காரன் பதில் சொல்ல வேண்டிய மூச்சை எல்லாம் ஏரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தோட்டத்தில் நீச்சல் பந்தயம். ஏரிக்கு நடுவே பட்டுப்போய் நிற்கிற மரத்தைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். முதலில் வருகிறவனுக்குத் தேயிலைப் பெட்டிகளை அக்கரைக்கு ஏற்றிப்போகும் போட்டில் வேலை என்று துரை சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு அது சொகுசான வேலை, நாலு பேர் பார்க்கிற வேலை. மொக்கையனுக்கு அது மூச்சுவிடக் காற்று. ஏழு வருஷமாக அவன் சல்லடை ரூமில் நிற்கிறான். தேயிலை சலிக்கிற அந்த அறையில் பகலிலேயே எதிரே நிற்பவன் முகம் தெரியாது, அவ்வளவு தூசி. அவனோடு சேர்ந்து நின்ற இரண்டு பேர் இருமி இருமி ரத்தம் கக்கி மலை இறங்கினார்கள். ஒருவனுடைய சாவுச் செய்தி மட்டும் மலையேறி வந்தது. இப்போது மொக்கையன் இருமினால் பூமாரி அடுப்படியில் கையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறாள்.

நீச்சல் அவனுக்குப் புதிதல்ல. கம்பத்துப் பக்கத்துக் கிணறுகளில் முங்கி வளர்ந்தவன். அங்கே நீச்சல் என்றால் மூச்சை அடக்குவதுதான். அடியில் போட்ட செம்பை ஒரே மூச்சில் எடுத்து வருகிறவன்தான் ஆம்பளை. தண்ணீருக்குள் மூச்சு விட்டவன் பிணம் என்பது ஊர்ப் பேச்சு. அப்படி வளர்ந்தவனிடம்தான் பங்களா சமையல்காரர் ஏசுரத்தினம் வந்து, துரை நீந்துகிற விதத்தைச் சொன்னார்.

"தொர மூச்சப் புடிச்சு வைக்கிறதே இல்லப்பா. உள்ளயே விட்டுருவாரு. வலக்கை வீச்ச மட்டும் எண்ணி, மூணாவது கைக்குத் தலைய வலப்பக்கமாத் திருப்பி, ஒரு காது தண்ணியில கெடக்க, பாதி வாயால காத்த வாங்கிக்கிடுவாரு. நீ தலையத் தூக்குற. தலை ஏறுனா காலு எறங்கும்."

மொக்கையனுக்கு அது ஒரு மாதம் பிடித்தது. உள்ளே மூச்சை விடும்போதெல்லாம் உடம்பு செத்துவிடப் போகிறவனைப் போலப் பதறியது. ஒன்று, இரண்டு, மூன்று, திருப்பு. ஒன்று, இரண்டு, மூன்று, திருப்பு. ஞாயிறுதோறும் இதே பாடம். கடைசியில் கால் மேலே வந்தது, உடம்பு பலகை மாதிரி நீண்டது, கை இழுத்த இழுப்புக்கு ஏரி வழிவிட்டது. அன்றைக்கு அவனுக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

ஒரு குறை மட்டும் போகவில்லை. சரியாகத்தான் திருப்புவான், வாயும் சரியாகத்தான் திறக்கும். வாங்கிய காற்று தொண்டைக் குழியைத் தாண்டி இறங்காது. தப்பு தன் கழுத்தில் இருக்கிறது என்றே அவன் நம்பினான். இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தான், இன்னும் கொஞ்சம் சீக்கிரம் திருப்பிப் பார்த்தான்.

தனியாகத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதும் கிணற்று ஊர்களின் கட்டுப்பாடு. ஒருத்தன் முங்கினால் இன்னொருத்தன் படியில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் விறகு வெட்டுகிற கருத்தப்பாண்டியைக் கூட்டிவந்தான். முதல் மாதம் கரையில் உட்கார்ந்திருந்தவன் இரண்டாம் மாதம் தானும் இறங்கினான். மொக்கையனே அவன் தாடையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினான். தனக்கு ஒரு மாதம் ஆனது அவனுக்கு இரண்டே ஞாயிற்றில் வந்துவிட்டது.

"அவன எதுக்கு மாமா பழக்குற?" என்றாள் பூமாரி.

"தொணை இல்லாம எப்பிடிடீ எறங்குறது?"

கருத்தப்பாண்டியும் வஞ்சகம் இல்லாதவன். "நான் போட்டுல போயி என்னா செய்யப்போறேன் மச்சான்? ஒன் பின்னாடியே வருவேன். நீ முந்து" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை.

பந்தயத்தன்று குளிரில் பல் கிட்டியது. பதினோரு பேர். எல்லார் தலையிலும் ஒரே மாதிரிச் சிவப்புத் துணி. விசிலடித்ததும் ஒன்பது பேர் தலையைத் தூக்கிக்கொண்டு தடபுடவென்று அடித்துப்போக, மொக்கையன் சத்தமில்லாமல் நீண்டான், அவன் பின்னாலேயே கருத்தப்பாண்டியும். பாதித் தூரத்தில் அவனுக்கு முன்னால் யாரும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, திருப்பு. கரையில் கூச்சல் ஏறியது. போட்டில் நிற்பது போலவே இருந்தது அவனுக்கு. தூசி இல்லாத காற்று, இருமல் இல்லாத ராத்திரி, பூமாரி நிம்மதியாகக் கிளறுகிற குழம்பு, எல்லாம் பத்துக் கை தூரத்தில் இருந்தன.

மரத்தைத் தொடும்போது இருமல் வந்தது.

அது ஒரு இருமலோடு நிற்கிற இருமல் அல்ல. மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். திருப்பித் திருப்பி வாயைத் திறந்தான். எல்லாம் சொல்லிக்கொடுத்தபடியேதான் செய்தான். காற்றுதான் போகவில்லை. ஏழு வருஷத்துத் தூள் உள்ளே கதவைச் சாத்தியிருந்தது. கழுத்தில் ஒரு குறையும் இல்லை என்று அந்த மரத்தடியில்தான் அவனுக்கு விளங்கிற்று. ஐயோ என்றிருந்தது.

கருத்தப்பாண்டி வந்தான். மரத்தைச் சுற்றினான். மரம் அவனுக்கு இடப்பக்கம் இருந்தது, முகமோ பழக்கிய பழக்கத்தில் வலப்பக்கமே திரும்பியது, மொக்கையன் கண்ணில் படவில்லை. மச்சான் இன்னும் முன்னால்தான் போய்க்கொண்டிருக்கிறான், விட்டுவிடக் கூடாது என்று நினைத்தோ என்னவோ, இன்னும் வேகமாக இழுத்தான். மற்றவர்கள் வெகு பின்னால் கிடந்தார்கள்.

மரத்தைப் பிடித்தபடி மொக்கையன் கரையைப் பார்த்தான். தண்ணீரோடு தண்ணீராக முகம் புதைத்து, மூன்று கைக்கு ஒரு தரம் பக்கவாட்டில் வாய் திறந்து, ஒரு சிவப்புத் தலை கரையை நோக்கி வருவதை எல்லாரும் பார்த்தார்கள். பூமாரியும் பார்த்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து, சேலையோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள்.

"மாமா! வா மாமா! வந்துட்ட மாமா!"

மொக்கையன் அவளைக் கூப்பிட வாயைத் திறந்தான். குரலுக்கு மூச்சு வேண்டியிருந்தது. அவள் உலர்ந்த துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி, சிரித்து அழுதுகொண்டு நின்றாள். கருத்தப்பாண்டியின் முகம் இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருந்தது.