வெளிச்சம் படக் கூடாது

மனித வாழ்க்கை என்பது ஒரு பெட்டியை நோக்கிய நெடும்பயணம். அரசனும் ஆண்டியும் கடைசியில் அதன் முன் தலைகுனிந்துதான் ஆகவேண்டும். மேனேஜரும் குனிந்தார். கொண்டுவந்த மலர்வளையத்தை அதன்மேல் மெல்ல வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பெட்டியை அடையாளம் கண்டதில்தான் சின்னப் பிசகு. அவர் குனிந்து நின்றது மீன் தொட்டியின் முன்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கூடத்தில் ஜன்னல் திரைகள் எல்லாம் இழுத்து விடப்பட்டிருந்தன. சுவரோரமாக நாலடி நீளத்துக்கு ஏதோ ஒன்று வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு மோட்டார் மெல்ல உறுமியது. பக்கத்தில் இறந்தவரின் மகன் சவரம் செய்யாத முகத்தோடு நின்றான். நாலடி ஒரு மனிதருக்குக் குறைவுதான். ஆனால் துக்கத்துக்கு வந்தவர் யாரும் அளவெடுப்பதில்லை.

மகனுக்கு மீன் டாக்டர் என்று பெயர். பில் போடுவது டைல்ஸ் கடையில். வைத்தியம் பார்ப்பது செல்போனில். மீன் வளர்ப்பவர்களின் குழுவில் யாராவது வீங்கிய வயிற்றையோ கிழிந்த வாலையோ படமெடுத்துப் போட்டால் போதும், "நோயாளியை உடனடியாகத் தனித் தொட்டிக்கு மாற்றவும்" என்று பெரிய ஆஸ்பத்திரி பாஷையில் ஆரம்பித்துவிடுவான். போன வாரம் நோய் அவன் வீட்டுக்கே வந்துவிட்டது. ஏஞ்சல் மீன்கள் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டன. விளக்கை அணைத்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், செதில்மேல் பொன்தூள் தூவியதுபோல் மினுங்கியது. வெல்வெட். பேர் என்னவோ மெத்தென்றுதான் இருக்கும், தொட்டியையே காலி செய்துவிடும். அந்தக் கிருமி செடியைப்போல வெளிச்சத்தைத் தின்று வளர்வது. செப்பு மருந்து, கொஞ்சம் சூடு, கும்மிருட்டு: இதுதான் சிகிச்சை. அதனால்தான் திரைகள், அதனால்தான் போர்வை.

அப்பா பின்னறையில் இருந்தார். அவருக்கான ஐஸ் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை.

'சார், அது இல்ல' என்று சொல்ல மீன் டாக்டர் வாயைத் திறந்தான். அதற்குள் மேனேஜர் பேச ஆரம்பித்துவிட்டார். அவர் பேச ஆரம்பித்தபின் குறுக்கிட்டவர்கள் அப்பா வேலை பார்த்த ஆபீஸில் கிடையாது.

"என்னய்யா, இப்படிச் சொல்லாம கொள்ளாம போயிட்டியே. ஒரு நாள் லீவுன்னாகூட என் ரூம் வாசல்ல வந்து நிப்பே. இதுக்கு மட்டும் கேக்கணும்னு தோணலியா?"

போர்வைக்குள் சளக்கென்று ஏதோ புரண்டது. மேனேஜர் அதைத் தன் விசும்பலாக எடுத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"போன வாரம் போன்ல என்ன சொன்னே? பையன் பக்கத்தை விட்டு நகர மாட்டேங்கறான் சார், நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடறேன்னு உக்காந்து எண்ணிக்கிட்டே இருக்கான்னு சொன்னியே. குடுத்து வச்சவன்யா நீ."

மீன் டாக்டர் தரையைப் பார்த்தான். எண்ணியது உண்மை. வாய்விட்டு எண்ணியதும் உண்மை. செவுள் எத்தனை தரம் திறந்து மூடுகிறது என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எண்ணுவான். பின்னறைக் கதவு திறந்துதான் இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த அப்பா என்ன நினைத்தாரோ. எதை நினைக்க வேண்டாம் என்று முடிவு செய்தாரோ.

இன்று காலையிலும் எண்ணினான். நடுவில் அப்பா ஒருதரம் கூப்பிட்டார். எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, முடித்துவிட்டுப் போனான். அங்கே எண்ணுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"தம்பி, கடைசியா ஒருதரம் முகத்தைக் காட்டுப்பா." மேனேஜர் போர்வையின் நுனியைப் பிடித்தார்.

"வேண்டாம் சார்!" குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. "வெளிச்சம் படக் கூடாது."

மேனேஜர் கையை எடுத்துக்கொண்டார். "அவ்வளவு மோசமாவா ஆயிடுச்சு?"

"நாளைக்குள்ள தேறிடும் சார்."

துக்கம் பிள்ளையின் தலைக்கு ஏறிவிட்டது என்று முடிவுகட்டி மேனேஜர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"அப்பா உள்ள இருக்காரு சார்."

அக்கா பின்னறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அப்ப இது?"

"மீனு."

மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. மேனேஜர் மலர்வளையத்தை இரண்டு கைகளாலும் தூக்கினார். போர்வை கொஞ்சம் விலகியது. மீன் டாக்டரின் கை தானாகப் போய் அதை இழுத்துச் சரிசெய்தது. அக்கா அதையும் பார்த்தாள்.

பின்னறையில் அப்பா மஞ்சள் போர்வைக்குள் படுத்திருந்தார். போர்வை முழுக்க வாத்துகள், தலையில் தொப்பி வைத்த வாத்துகள். அக்கா மகளுடையது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு வெள்ளைப் போர்வை. அதைக் காலையிலேயே கேட்டிருந்தாள்.

"அதைக் கழட்டிக் குடுடா. இந்த வாத்தை உன் மீனுக்குப் போட்டுக்க."

"இது தொட்டிக்குப் பத்தாதுக்கா. சைடுல வெளிச்சம் உள்ள போயிடும். நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்க."

"அப்பாவுக்கு இன்னைக்கு ஒரு நாள்தான்டா."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

மேனேஜர் மலர்வளையத்தை வாத்துகளின்மேல் வைத்தார். சொல்லாம கொள்ளாம போயிட்டியே என்றார். லீவு விஷயமும் வந்தது. இந்தமுறை குரல் தாழ்ந்திருந்தது. போனில் பேசியதை அவர் சொல்லவில்லை. வெளியே போகும்போது கூடத்தில் எந்தப் பக்கமும் திரும்பாமல், வாசலில் கிடந்த செருப்பை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார்.

மீன் டாக்டர் தொட்டியிடம் போனான். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வெள்ளைப் போர்வையை ஒரே இழுப்பாக இழுத்தான். ஆளைக் கண்டதும் மீன்கள் தீனிக்காகக் கண்ணாடியோரம் வந்து கூடின. அவன் டார்ச்சை எடுக்கவில்லை.

அக்காவும் அவனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து அப்பாவுக்கு அதைப் போர்த்தினார்கள். நெஞ்சுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாக மருந்துக் கறை. அக்கா போர்வையைத் திருப்பி, கறை கால்பக்கம் வரும்படி போட்டாள். வாத்துப் போர்வையை நாலாக மடித்து அவன் கையில் கொடுத்தாள்.

"இந்தா."

அவன் வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனான்.

வாத்துப் போர்வை தொட்டியை எல்லாப் பக்கமும் சரியாக மூடியது. ஒரு முழம் மிச்சமும் இருந்தது.