சும்மா கொடுத்தவள்

அக்காவின் கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டைப்பெட்டியை இழுத்தபோது துணிக்கடைக்காரருக்குக் கை இங்கேயும் காது வாசலிலுமாக இருந்தது. முன்னறையில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் வண்டி வருவதற்குள் விஷயம் தெரிந்தாக வேண்டும். வண்டி போய்விட்டால் அப்புறம் யாரிடம் கேட்பது?

விஷயம் இதுதான்: அவருடைய மகளுக்கு அக்கா ஏன் இத்தனை கொடுத்தாள்?

பிறந்தநாள் என்றால் ஊரில் மற்ற அத்தைகள் சட்டை எடுப்பார்கள், பொம்மை வாங்குவார்கள். இவள் பூதக்கண்ணாடி வாங்கினாள். அடுத்த வருஷம் காந்தம். அதற்கடுத்து, வெயிலை ஏழு நிறமாகப் பிரித்துக் காட்டும் பட்டைக் கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமையானால் பிள்ளையைக் கூட்டிப்போய்க் குட்டைத் தண்ணீரை அள்ளிவந்து, அதில் நெளிவதையெல்லாம் படம் வரையவைத்தாள். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை.

சும்மா கொடுப்பவன் எவனும் சும்மா கொடுப்பதில்லை என்பது அவர்கள் வீட்டில் தாய்ப்பாலோடு புகட்டிய பாடம். மாதிரித் துணி இலவசமாக வந்தால் பின்னாலேயே சரக்கு லாரியும் வரும். அக்காவும் அதே பால் குடித்தவள்தானே? பிள்ளையை நூல் நூலாகத் தன் பக்கம் இழுக்கிறாள், ஒருநாள் வந்து ‘இவளை என்கிட்ட விட்டுடுடா’ என்பாள் என்று அவர் காத்திருந்தார். பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தார். அக்கா கேட்கவேயில்லை. அது இன்னும் உறுத்தியது. விலை சொல்லாத வியாபாரிதான் வில்லங்கமானவன்.

போன மாதம் சந்தேகம் முற்றியது. சுத்தப் பருத்தி என்று அவர் தலையிலடித்துச் சத்தியம் செய்துகொண்டிருந்த துணியை, மொத்தமாக எடுக்க வந்த குடும்பத்தின் முன்னாலேயே மகள் பூதக்கண்ணாடியில் பார்த்து, “நெடுக்க ஓடற நூல் வேறப்பா” என்றாள். வந்தவர்கள் கிளம்பச் செருப்பைத் தேடினார்கள். அன்று மாலை அக்காவிடம் போய், நீ பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தருகிறாயா, என் கடைக்கு ஆப்பு வைக்கிறாயா என்று கேட்டார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “உன் பொண்ணுடா அவ. வேற எப்படி இருப்பா?” என்றாள். அதையும் அவர் நம்பவில்லை. முகத்துக்கு நேரே புகழ்வதுதானே பேரத்தின் முதல் படி.

பெட்டிக்குள் ஒரு நுண்ணோக்கி இருந்தது. யாரோ பயன்படுத்திய பழசு. ஒரு திருகு மட்டும் புதிது. கவிழ்த்துப் பார்த்தார். சுற்றியிருந்த துணியை உதறினார். பெட்டியின் அடியட்டையைக்கூடப் பிய்த்தார். ஒரு சீட்டு இல்லை, ஒரு நிபந்தனை இல்லை. கூடவே ஒரு குட்டிப் பலகைதான், விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது. மேசைமேல் வைத்துப் பார்க்கப் பிள்ளைக்கு உயரம் போதாது, ஏறி நின்றுகொள்ள.

இதில் தூண்டில் எங்கே என்று அவர் பலகையைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, கதவருகே மகள் வந்து நின்றாள். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவளுக்குத் துருவி என்றே பேர்.

“அப்பா, அத்தை செத்துட்டாங்கன்னு யார் பாத்தா?”

“காலையில டாக்டர் வந்து பாத்துட்டுத்தானே போனாரு.”

“எவ்வளவு நேரம் பாத்தாரு?”

வந்தார், மணிக்கட்டைத் தொட்டார், நெஞ்சில் குழலை வைத்தார், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

“நீங்க பாத்தீங்களா?”

இத்தனை வருஷ வியாபாரத்தில் ஒரு துணிக்கட்டைக்கூட மேல்மடிப்பை மட்டும் பார்த்து அவர் வாங்கியதில்லை. கடைசி முழம்வரை உருட்டிப் பார்ப்பார் என்று சந்தையே அவரைத் திட்டும். இன்றைக்கு அக்காவின் கால்மாட்டில் கொஞ்சம் நின்றார். நேரே இந்த அறைக்கு வந்துவிட்டார்.

“இதுவும் அத்தை சொல்லிக்குடுத்ததா?”

“ஆமா. யார் என்ன சொன்னாலும் நீயா ஒரு தடவ பாத்துக்கோன்னாங்க. நான் சொன்னாலும் நம்பாதேன்னாங்க.”

தன் சரக்கைத் தானே நம்பாதே என்று சொல்லி விற்றவனை அவர் இதுவரை கண்டதில்லை. பலகையைக் கீழே வைத்தார்.

துருவி அலமாரியிலிருந்து முகம் பார்க்கும் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அவரும் பின்னால் போனார். அத்தையின் தலைமாட்டில் மண்டியிட்டு, கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்தாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“ஏண்டி, இதுவா விளையாடற எடம்?” என்றாள் அவர் மனைவி. “நீங்களாவது சொல்லுங்களேன்.”

“பாக்கட்டும் விடு.”

பிள்ளை அவசரப்படவில்லை. நெடுநேரம் பிடித்தாள். பிறகு கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்து, இந்தக் கோணம் அந்தக் கோணம் என்று பார்த்தாள்.

“மூச்சு இருந்தா மங்கும். மங்கல,” என்றாள். கண்ணாடியைப் பாவாடையில் துடைத்து அப்பாவிடம் நீட்டினாள். “நீங்களும் பாருங்கப்பா. ஒருத்தர் பாத்தா போதாது.”

வாசலில் வண்டி வந்து நின்றது. அவர் தரையில் உட்கார்ந்து, அக்காவின் முகத்துக்கு மேலே நன்றாகக் குனிந்து கண்ணாடியைப் பிடித்தார்.

கண்ணாடி மங்கியது.

அவர் மகளின் தோளை இறுகப் பற்றினார்.

“அப்பா,” என்றாள் அவள் மெதுவாக, “அது உங்க மூச்சு. கொஞ்சம் தள்ளிப் புடிங்க.”

சட்டை நுனியால் துடைத்தார். தள்ளிப் பிடித்தார். கிளம்பலாமா என்று வாசலிலிருந்து யாரோ கேட்டார்கள். இரண்டாம் தடவையும் கேட்டார்கள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.