தள்ளுகிறவர்கள்

கிழக்கு வெளுக்கும் முன்பே தள்ளத் தொடங்கினார்கள். பழைய டிராக்டர். செல்ஃப் ஸ்டார்ட்டர் செத்துப் போய் ரெண்டு அறுவடை ஆகிவிட்டது. பின்னால் கதிரடிக்கும் மெஷினும் பூட்டியிருந்ததால் கனம் இரட்டிப்பு. கூலியாட்கள் ஆணும் பெண்ணுமாகத் தோள் கொடுத்தார்கள். பனியில் இரும்பு சில்லிட்டது. ஈரக் களத்தில் கால் வழுக்கியது.

"தள்ளுங்கடி! ராத்திரி தின்னதெல்லாம் எங்க போச்சு?" என்றாள் சித்தி. களத்தில் எல்லோருக்குமே அவள் சித்திதான்.

"நீ தள்ளுறியா, சாஞ்சுக்கிட்டுத் தூங்குறியா சித்தி?"

சிரித்துக்கொண்டே இன்னொரு தள்ளு. இஞ்சின் இருமியது, கரும்புகை கக்கியது, பிடித்துக்கொண்டது.

பிடித்துவிட்டால் பொழுது சாயும்வரை அணைக்கக் கூடாது. முதலாளியின் உத்தரவு. அணைத்தால் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு மறுபடி தள்ள வேண்டும்.

டிரைவர் இறங்கிப் பின்பக்கம் போனான். இஞ்சின் ஓட்டத்தை மெஷினுக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டு சுழன்றுகொண்டிருந்தது. சுழலக் கூடாது. லிவர் நிறுத்தத்தில்தான் இருந்தது.

லிவரைப் போட்டு எடுத்துப் பார்த்தான். இணைப்புக் கம்பி ஒழுங்காகவே அசைந்தது. ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை அடிவரை மிதித்தபடி திரும்பிப் பார்த்தான். தண்டு நிற்கவில்லை. அதன் மூட்டில் ஏதோ நீலமாகச் சுழன்று வளையம்போல் தெரிந்தது.

கூட வேலை பார்க்கும் நெட்டையனின் துண்டு. நேற்று அவன் உதிர்ந்த கதிரைப் பொறுக்கக் குனிந்தான். மூடியில்லாத தண்டு துண்டைப் பிடித்துக் கையையும் சேர்த்து முறுக்கியது. டிரைவர் லிவரைத் தள்ளினான். நிற்கவில்லை. இஞ்சினை அணைக்கலாமா என்று ஒரு கணம் தயங்கினான். அந்த ஒரு கணத்தில் எலும்பு உடைந்தது.

முதலாளி வந்தார். பைக்கை விட்டு இறங்கவில்லை.

"இன்னும் ஆரம்பிக்கலையா?"

"லிவரை எடுத்தாலும் தண்டு நிக்கல முதலாளி. உள்ள கிளட்ச் பிளேட் ஒட்டிக்கிச்சு. வண்டிய ரெண்டாப் பிரிச்சுத்தான் பாக்கணும்."

"அறுப்பு முடியட்டும், பிரிக்கலாம். வானத்தைப் பாரு. நெல்லு நனைஞ்சா உங்கப்பனா குடுப்பான்?"

"ஒரு மூடியாவது..."

"துண்டைத் தொங்கவிட்டுக்கிட்டு மாப்பிள்ளை கணக்கா நின்னா மெஷின் என்ன பண்ணும்? அவன் கொழுப்புக்குக் கை ஒடிஞ்சுது."

நெட்டையனின் மனைவி கதிர்க்கட்டோடு பக்கத்தில்தான் நின்றாள். காதில் விழாதவள்போல் கட்டைப் பிரித்து மெஷினின் வாயில் திணித்தாள். இன்றைக்கு உலை வைக்க அவள் கை மட்டும்தான் இருந்தது.

தூசி எழுந்தது. நெல்லின் சுணை கழுத்தை அரித்தது. கொஞ்ச நேரத்தில் ஈர வைக்கோல் உருளையில் சுற்றி அடைத்துக்கொண்டது.

"கைய விட்டு இழுத்து எடு!" முதலாளி கத்தினார்.

அவள் தலைப்பை இடுப்பில் செருகினாள். கையை நீட்டினாள். உள்ளே உருளை முனகிக்கொண்டே சுற்றியது.

டிரைவர் லிவரைத் தொடவில்லை. இஞ்சினை அணைக்கும் குமிழைப் பிடித்து இழுத்தான்.

உருளை நின்றது.

"யாருடா அணைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"தள்ளுங்க எல்லாரும்!"

யாரும் அசையவில்லை.

"கிளட்ச்சு சரியாகணும், தண்டுக்கு மூடி வேணும்," என்றான் டிரைவர். "நெட்டையன் வைத்தியத்தையும் நீங்கதான் பாக்கணும். அதுவரைக்கும் யாரும் கை வைக்க மாட்டாங்க."

"என் மோட்டார் கொட்டகையில படுத்துக்கிட்டு எனக்கே சட்டம் பேசுறியா? சாயங்காலம் சட்டி பானையோட வெளிய போயிடணும்."

டிரைவர் களத்தில் நின்ற தன் மனைவியைப் பார்த்தான். குழந்தை கொட்டகையில்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் எதுக்கு? இப்பவே எடுத்துடுறேன்," என்று அவள் நடந்தாள்.

"எங்க போவ?" முதலாளி சிரித்தார்.

"என் வீட்டுக்கு," என்றாள் சித்தி. "உன் புருஷன் குறட்டை விட்டா மட்டும் வெளிய தள்ளிடுவேன்டி. தள்ளித் தள்ளிப் பழகின தோளு இது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியின் சிரிப்பு நின்றது. போனை எடுத்தார்.

"டிரைவருக்கா பஞ்சம்? இப்பவே வேற ஆள் வருவான்."

"வரட்டும்," என்றாள் நெட்டையனின் மனைவி. "அவனுக்கும் தள்ள ஆளு வேணுமில்ல?"

அவள் தண்டின் அருகே குந்தினாள். அரிவாள் நுனியால் நீலத்துண்டை இழை இழையாகப் பிடுங்கினாள். பிடுங்கியதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு ஒரு கட்டின்மேல் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

மேற்கே மேகம் கறுத்தது. பாதையில் பைக் சத்தம் கேட்டது.

"வர்றவன்கிட்ட நான் பேசுறேன்," என்றான் டிரைவர். சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டு நடந்தான்.

"நில்லுடா," என்றாள் சித்தி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி. "தனியாப் போனா கேப்பானா? நாங்களும் வர்றோம்."

களமே எழுந்துகொண்டது.