மெஹர் பானு அறுத்த அருவி

அரபு நாட்டுத் தம்மாமில் மசூது வேலைக்குப் போய்த் தங்கியிருந்த அறையின் சுவரில், ஆனி பன்னிரண்டாம் தேதி காலை ஐந்தரை மணிக்குக் குற்றாலம் மெயினருவி விழத் தொடங்கியது. தண்ணீர் வந்தது ஆணியில் தொங்கிய குறிப்பேட்டிலிருந்து. தாள் ஒன்றுகூட நனையவில்லை.

அதை அனுப்பியவள் அவன் மனைவி மெஹர் பானு. குற்றாலத்துக்குப் பக்கத்துக் குத்துக்கல்வலசையில் வீட்டு முன்னறையில், வளைவு நெளிவாக அறுக்கும் ஸ்க்ரோல் சா மெஷின் போட்டிருக்கிறாள். நூறு தாளை இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே இறுக்கி, மேல் விளிம்பில் பசை தடவிக் காயவிட்டு, நூல் கனத்துப் பிளேடில் அறுத்தால் மயில், மாம்பழம், கோபுரம் என்று கேட்ட வடிவத்தில் குறிப்பேடு வரும். குற்றாலம் கடைகளுக்குப் போன மயில்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. அருவியைக் கணவனுக்கென்றே அறுத்தாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. அதையும் சீசனுக்கென்றே எடுப்பான். அருவியைப் பார்த்தாவது சீக்கிரம் டிக்கெட் போடட்டும் என்று ஆசை. ஆனால் வெள்ளம் வந்து போலீஸ் குளிக்கத் தடை போட்டிருந்த நாளில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வடிவத்தை வரைந்துவந்தாள். பிறகு தண்ணீர் கொஞ்சமாகவா விழும்?

அறையிலிருந்த எட்டுப் பேரும் முறை வைத்துக் குளித்தார்கள். சத்தம் போட வந்த சூப்பர்வைசர் நல்லெண்ணெய் கேட்டு வாங்கித் தேய்த்துக்கொண்டு தானும் போய் நின்றார். குற்றாலத்தில் தடை என்றால் அங்கேயும் தடை. அன்றைக்குச் சுவருக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள்.

மசூது போன் போட்டான். "இந்த வருசம் எதுக்கு புள்ள டிக்கெட்டு? சாரல் இங்கனயே அடிக்குது. லீவை அடுத்த வருசத்துக்குத் தள்ளிட்டேன்."

மெஹர் பானுவுக்கு வயிறு பற்றி எரிந்தது. தன் கையாலேயே ஒரு சக்களத்தியை அறுத்துப் பார்சல் கட்டி அனுப்பியிருக்கிறாளே!

"உங்களுக்கு அருவி வேணுமா, நான் வேணுமா மச்சான்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று போனை வைத்தாள். நாலு நாள் மெஷினைத் தொடவில்லை. வீம்புக்குக் கேட்டுவிட்டாலும், அருவி என்று சொல்லிவிடுவானோ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் அவனே கூப்பிட்டான். குரல் கம்மியிருந்தது. இருமல் வேறு.

"தண்ணி நல்லாத்தான் விழுது புள்ள. 'போதும், வெளிய வாங்க, காய்ச்சல் வந்துரும்'னு கத்துததுக்குத்தான் ஆளில்ல. டிக்கெட்டு போட்டுட்டேன்."

அவள் அழுதாள், பிறகு அழுததற்காகச் சிரித்தாள்.

ஆடி முதல் வாரம் மசூது வந்து இறங்கினான். தம்மாமில் மற்ற ஏழு பேரும் முறை தவறாமல் குளித்துக்கொண்டிருந்தார்கள்; கம்பெனி, அறை மூலையில் ஒரு வடிகால் வெட்டிக் கொடுத்திருந்தது. இங்கே சீசன் முடியும்வரை மசூது ஒருநாள்கூட அருவிப் பக்கம் போகவில்லை. மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அறுக்கும் கோட்டின்மேல் விழுகிற தூளை ஊதிக்கொண்டே இருந்தான்.