கண்மாய்க்குள் ஒரு புஞ்சை

வாத்தியார் பயிற்சி வகுப்பில் வருஷக் கடைசியில் எங்களுக்கு ஒரு கட்டுரை கொடுத்தார்கள். "இவ்வருஷம் வாசித்ததிலும் எழுதியதிலும் சித்திரம் வரைந்ததிலும் நான் கற்றுக்கொண்டது என்ன?" என்பது தலைப்பு. இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நானும் எழுதினேன். வாசிப்பினால் நாவு திருந்தியது, எழுத்தினால் புத்தி திருந்தியது, சித்திரத்தினால் கண் திருந்தியது என்று மணிமணியான கையெழுத்தில் எழுதி, ஆசிரியர்களுக்கு நமஸ்காரமும் சொல்லி முடித்தேன். அத்தனையும் பொய். வாசித்துப் பார்த்த சௌந்தரபாண்டியன் மாஸ்டருக்கும் அது பொய் என்று தெரியும். சிவப்பு மையில் "நன்று" என்று போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது நானே வாத்தியார். எனக்கு யாரும் பக்கக் கணக்கு வைக்கவில்லை என்பதால் அந்தக் கட்டுரையை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

என் பெயர் சமுத்திரம். ஊர் சுந்தரபாண்டியம். எங்களுக்கு ஆத்தாளும் இல்லை, அப்பனும் இல்லை. அக்கா வெள்ளைத்தாய்தான் என்னை வளர்த்தாள். அவள் புருஷன் கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். முதல் வருஷம் ஒரு கடிதாசி வந்தது, பிறகு அதுவும் இல்லை. அக்காவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஊர்க் கண்மாயின் உள்வாயில், தண்ணீர் வந்து எட்டாத மேல்கோடியில், ஒரு வாகை மரத்தடியில் ஒன்பது வருஷமாகச் சோளம் விதைத்துக்கொண்டிருந்தாள். கண்மாய் சர்க்காருடையது. அதற்குள் யாரும் விதைக்கக் கூடாது. இது ஊருக்கெல்லாம் தெரியும். கணக்குப்பிள்ளைக்கும் தெரியும், அந்த வழியாகப் போனால் இரண்டு கதிரை ஒடித்து வாட்டித் தின்றுவிட்டுப் பேசாமல் போவார். அந்தச் சோளத்தில்தான் அக்காவும் அவள் மகள் மாரியாத்தாளும் ஜீவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும், பயிற்சி வகுப்புக்குத் தங்கிப் படிக்க, நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சுமந்துபோன மாவு மூட்டையும் அந்தச் சோளம்தான். நான் படித்த படிப்பெல்லாம் அதைத் தின்று படித்தது.

வகுப்பில் நாங்கள் இருபத்திரண்டு பேர். வாசிப்பில் எனக்கு மூச்சு முட்டும். எழுத்தில் சுமார். சித்திரத்தில்தான் என் கை பேசியது. சௌந்தரபாண்டியன் மாஸ்டர் முதலில் குடம் வரையச் சொன்னார், பிறகு அரச இலை, பிறகு நாற்காலி. சார்வரி வருஷம் மார்கழியில் ஒருநாள், "அவனவன் ஊரை வரைஞ்சு கொண்டு வாங்க. நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லித் தரணும்னா அவன் ஊர்லேருந்துதான் ஆரம்பிக்கணும்" என்றார். பிறகு பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டார்: பார்த்ததை வரை, பார்க்காததை வரையாதே.

அந்த வாக்கியம் என்னைப் பித்துப் பிடிக்க வைத்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் தெருத்தெருவாகக் காலடியால் அளந்தேன். கோயில், கிணறு, கண்மாய்க்கரை, மடை, களம், வண்டிப் பாதை. ஒரு முருங்கை மரத்தைக்கூட விடவில்லை. ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் படத்தைக் கொண்டுபோய் அக்கா முன் விரித்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் விரலை வைத்து நடந்து போவது போலவே படத்தில் நடந்தாள். கோயிலில் தொடங்கி, கரையேறி, மடையைத் தாண்டி, வாகை மரத்தில் வந்து நின்றாள்.

"ஏலே, இது எம் மரமில்லா! பக்கத்துல எம் புஞ்சை எங்கலே?"

"போடணும்க்கா. வண்ணம் தீந்து போச்சு."

"நல்லாப் பெருசாப் போடு. கண்டிக்குப் போனவர் வந்து பாத்தாலும் அடையாளம் தெரியணும்" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் வெகுநாள் பார்த்ததில்லை.

வகுப்புத் தோழன் பிச்சை முகம்மதுவிடம் பச்சை வண்ணம் கடன் வாங்கினேன். அவன் வாப்பா ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் மளிகை வைத்திருந்தார். அந்த வருஷம் மழை பொய்த்து ஊரே மண் நிறமாகக் கிடந்தது. படத்திலும் அப்படித்தான் பூசியிருந்தேன். அதனால் கண்மாய் மண்ணின் ஈரத்தில் நின்ற அக்காவின் சோளம் மட்டும் பச்சைப்பசேலென்று தனியாகத் தெரிந்தது. கதிருக்குக்கூட மஞ்சள் புள்ளி வைத்தேன். மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டு செத்த நேரம் நின்றார். "இதுதான்டா படம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தை மாசம் பரிசளிப்பு விழா. எங்கள் படங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தார்கள். தலைமை வகிக்க வந்த தாசில்தார், பின்னால் ஒரு குமாஸ்தாவோடு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் படத்தின் முன் நின்றார். கைத்தடியால் அந்தப் பச்சையைத் தொட்டார்.

"இது யார் வரைஞ்சது?"

"நான்தான் எஜமான்."

"கண்மாய்க்குள்ளே பச்சையா இருக்கே, என்ன அது?"

"சோளம், எஜமான்."

பின்னாலிருந்து பிச்சை முகம்மது என் தொடையைக் கிள்ளினான். பொறாமையில் கிள்ளுகிறான் என்று நினைத்தேன். அவன் வரைந்த படத்தைத் தாசில்தார் ஏறெடுத்தும் பார்க்கவில்லையே!

"யார் பயிர் வச்சிருக்கா?"

"எங்க அக்கா, எஜமான். வெள்ளைத்தாய்னு பேரு."

"ரொம்ப நாளாவா?"

"ஒம்பது வருஷமா, எஜமான்."

அதையும் சொன்னேன். கேட்காத பெயரைக்கூடச் சொன்னேன். அவர் என் தோளில் தட்டி, "உனக்கு நல்ல கண்" என்றார். குமாஸ்தா எதையோ குறித்துக்கொண்டார். பரிசுக்கு என் பெயரைக் குறிக்கிறார் என்று நான் நம்பினேன். இதை எழுதும்போதும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

கூட்டம் கலைந்ததும் பிச்சை முகம்மது என்னைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனான். "ஏலே கூமுட்டை, தொடையைப் பிச்சு எடுக்கேன், நீ பாட்டுக்கு ஒப்பிச்சிக்கிட்டே போறியே! சர்க்கார் ஆளு கேட்டா 'தெரியாது எஜமான்'னு சொல்லணும்லே. எங்க வாப்பா கடையில அதுதான் மொதப் பாடம்."

"பாத்ததைச் சொன்னேன். அதுல என்ன தப்பு?"

"தப்பே இல்லை. போய் உங்க அக்காட்டச் சொல்லு" என்றான். அவனோடு இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் பாடம் நடத்திப் பழகும் ஒத்திகை வகுப்பு இருந்ததால் ஊருக்குப் போக முடியவில்லை. மூன்றாவது ஞாயிறு போனேன். கரை மேல் ஏறியதுமே தெரிந்துவிட்டது. வாகை மரம் நின்றது. அதன் கீழே ஒன்றும் இல்லை. சேவகர்கள் வந்து, சர்க்கார் புறம்போக்கு என்று தமுக்கடித்துச் சொல்லி, ஊர் மாடுகளையெல்லாம் பயிருக்குள் பத்திவிட்டிருந்தார்கள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் கதிர் முற்றியிருக்கும். மிதிபட்ட தட்டைகளுக்கு நடுவில் அக்கா குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். மாரியாத்தாள் முந்தியில் வாங்கிக்கொண்டிருந்தாள். மாடு தின்றது போக மண்ணில் சிந்திய பால்மணிகள். எதற்கும் உதவாது.

"ஏலே, தாசில்தார்ட்ட நீயா சொன்னே?" நிமிராமலே கேட்டாள்.

"ஆமாக்கா."

"எதுக்குலே சொன்னே?"

"கேட்டாவ."

"கேட்டா?"

அவள் ஒரு மண்கட்டியை எடுத்து என் மேல் வீசினாள். தோளில் பட்டு உடைந்தது. இன்னொன்றை எடுத்தாள், வீசவில்லை. அழுதாள். நானும் நின்ற இடத்திலேயே அழுதேன். ஊரில் ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. ஒன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டு அவளைக் காப்பாற்றிய ஊர் அது. படித்தவன் என்று அதில் நான் ஒருவன்தான் இருந்தேன், வாயைத் திறக்க.

"நான் படிப்பை விட்டுட்டு வாரேன்க்கா. கூலிக்குப் போறேன்."

"இதையும் கெடுத்துட்டு அதையும் விடப் போறியா? போலே, போய்ப் பாஸ் பண்ணு" என்றாள். அந்த வாரமே மாரியாத்தாளைக் கூட்டிக்கொண்டு இராஜபாளையம் போய்விட்டாள். அங்கே பருத்திப் பொதி அடுக்கும் ஒரு கிட்டங்கியில் தூசு தும்பு பார்த்துப் பஞ்சு பிரிக்கிற வேலை.

மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேல் எனக்கு அப்போது ஆத்திரம். "நீங்கதானே அய்யா பாத்ததை வரையச் சொன்னிய?" என்று கேட்டேன்.

"நான் வரையத்தான் சொன்னேன் சமுத்திரம். தாசில்தார்ட்டப் பேரைச் சொல்லச் சொல்லலை" என்றார். பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டதோ என்னவோ, எழுந்து வெளியே போய்விட்டார்.

மாசி மாசம் அவரே என்னைக் கூப்பிட்டார். என் படம் ஜில்லாக் கண்காட்சிக்குப் போகிறது. பரீட்சைக்கும் அதையே வைக்கலாம். ஆனால் புதுத்தாளில் திருத்தி வரைய வேண்டும். பக்கத்தில் சர்வே படம் ஒன்றை விரித்து வைத்தார். அதில் உள்வாய் முழுவதும் கண்மாய் என்று கோடு போட்டிருந்தது.

"சர்வே படத்தோட ஒத்துப் போகணும். உள்வாய் அம்புட்டுக்கும் நீலம் பூசிரு."

"அங்க தண்ணியே இல்லையே அய்யா."

"கண்மாய்னா நீலம். அதான் முறை."

"பார்க்காததை வரையாதேன்னு பலகையில எழுதிப் போட்டிய."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. "மறுபடி ஒருத்தன் வந்து கைத்தடியை வச்சுக் கேக்கணுமா? உனக்குப் பாஸாகணுமா வேண்டாமா?" என்று மெதுவாகக் கேட்டார். அவரும் பயந்துபோயிருந்தார் என்பது எனக்கு இப்போது புரிகிறது. அன்று புரியவில்லை. அக்கா பாஸ் பண்ணச் சொல்லியிருந்தாள். நான் உட்கார்ந்து நீலத்தைக் கரைத்தேன். வாகை மரத்தை மட்டும் விட்டுவைத்தேன். அதன் வேர் வரைக்கும் நீலம் பூசினேன். சிற்றலைகூடப் போட்டேன், என் கைக்கு அது நன்றாக வரும்.

சித்திரத்தில் வகுப்பிலேயே எனக்குத்தான் முதல் மார்க்கு. அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு பக்கக் கட்டுரை, நாவு, புத்தி, கண் எல்லாம்.

பாஸான கையோடு இராஜபாளையத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கண்காட்சியிலிருந்து திரும்பி வந்த படத்தை மாஸ்டர் சுருட்டி என் கையில் கொடுத்திருந்தார். சர்ட்டிபிகேட்டை அக்காவிடம் காட்டலாம் என்று கிட்டங்கிக்குப் போனேன். படத்தைக் காட்டும் எண்ணமே எனக்கு இல்லை. கக்கத்தில் இருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

கிட்டங்கி வாசலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தெலுங்கும் தமிழுமாகப் பேசிக்கொண்டு பஞ்சு பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் தலை, புருவம் எல்லாம் பஞ்சு. இருமிக்கொண்டே எழுந்து வந்தாள். சர்ட்டிபிகேட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அது நம்ம ஊருப் படமாலே? விரி, பாப்போம். ஊரைப் பாத்து எம்புட்டு நாளாச்சு!"

வேறு வழியில்லாமல் விரித்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு விரலை வைத்தாள். கோயில். கரை. மடை. வாகை மரத்துக்கு வந்ததும் விரல் நின்றது. மரத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தாள்.

"மரம் இருக்கு. இது என்னலே, நீலமா?"

"தண்ணிக்கா."

"எங்க?"

"கண்மாயில. நம்ம புஞ்சை இருந்த எடத்துல. அப்படித்தான் வரையணும்னுட்டாவ."

அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபமில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"அம்புட்டுத் தண்ணி கெடந்திருந்தா நான் எதுக்குலே அங்க போயி விதைக்கப் போறேன்?"

உள்ளே மேஸ்திரி கூப்பிட்டான். அக்கா படத்தைத் தானே சுருட்டி, கசங்காமல் என் கையில் கொடுத்துவிட்டுப் பஞ்சு பிரிக்கப் போனாள்.