வேலை செய்தால் போகிற வலி

"உனக்கு மட்டும்தான் முதுகெலும்பு இருக்கா? எங்களுக்கெல்லாம் என்ன, ரப்பர் குழாயா?" என்று பெரிய மருமகள் கேட்டபோது வெந்நீர்ப் பையின் ஒரு முனை அவள் கையிலும் மறுமுனை சின்னவள் கையிலும் இருந்தது. "இழுக்காதீங்கக்கா, கழுத்து பிடிச்சுக்கும்" என்றாள் சின்னவள். கழுத்து என்ற சொல் காதில் விழுந்ததுமே மாமியார் ஓடிவந்து பையைப் பிடுங்கிச் சின்னவளிடம் கொடுத்துவிட்டார். நமக்கெதற்கு வம்பு என்று சன்னலைச் சாத்திய அக்கம்பக்கத்தார்கூட அதன் ஒரு பக்கக் கதவைத்தான் சாத்தியிருந்தார்கள்.

சின்னவள் காப்பீட்டு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள். கழுத்தெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேனில் தெரிந்ததும், டாக்டர் கழுத்துப் பட்டை மாட்டி ஓய்வெடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து அவள் தலையைத் திருப்புவதில்லை. பேச வேண்டியவர்கள்தான் சுற்றிவந்து எதிரே நிற்க வேண்டும். அவள் புருஷன் தலை வாரிவிட்டான். மாமியார் சாப்பாட்டுத் தட்டைக் கட்டிலுக்கே கொண்டுபோனார். பெரியவளோ முன்னறையில் பள்ளிச் சீருடை தைப்பவள். அவளுக்கும் சில வருடங்களாக இடுப்பு வலி. விடியும்போது புரண்டு படுக்க முடியாது, சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்பாள். ஆனால் வீட்டைக் கூட்டி, துணி அலசி, நாலு நடை நடந்தால் வலி விட்டுவிடும். அங்கேதான் அவள் கட்சி தோற்றது. வேலை செய்தால் போகிற வலியை யார் வலி என்பார்கள்? சோம்பல் என்று மாமியார் அதற்குப் பெயர் வைத்திருந்தார். ஒருநாள் சின்னவள் குளிக்கப் போன சமயம் பார்த்து அந்தப் பட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள் பெரியவள். அவளுக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

வெந்நீர்ப் பைச் சண்டைக்குப் பிறகு பெரியவளை அவள் புருஷன் டாக்டரிடம் கூட்டிப்போனான். ஒன்றுமில்லை என்று டாக்டர் வாயால் சொல்லிவிட்டால் வீடு அமைதியாகிவிடும் என்பது அவன் நினைப்பு. இவள் வாயைத் திறப்பதற்குள் அவனே முந்திக்கொண்டான். "வேலை செஞ்சா போயிடுது டாக்டர். படுத்தாத்தான் வலியாம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அதாங்க எனக்குக் கவலையா இருக்கு."

ரத்தம் எடுத்தார்கள், இடுப்பைப் படம் எடுத்தார்கள். நோய்க்குப் பெயர் கிடைத்தது: ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். உடம்பே தன் முதுகு மூட்டுகளைப் பகையாக நினைத்து அழற்சி உண்டாக்குமாம். விட்டுவிட்டால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகலாமாம். பெரியவளுக்கு இதில் பாதி காதில் ஏறவில்லை. டிஸ்க் என்பது சொல்லத் தொடங்குவதற்குள் முடிந்துவிடும். இது வாய் நிறைய வந்தது. வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டாள். ஓய்வுதான் இதற்கு எதிரி, மாத்திரையோடு தினமும் நடக்க வேண்டும், நீந்தினால் இன்னும் நல்லது என்று டாக்டர் சொன்னதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. இத்தனை நாள் நம்பாத குற்ற உணர்ச்சியில் புருஷனும் மூச்சு விடவில்லை. பெயரைக் கேட்டே மிரண்டுபோன மாமியார், தானே போய்க் கட்டிலை விரித்தார்.

மகாராணி மாதிரி படுத்தாள். தட்டு கட்டிலுக்கு வந்தது. நாத்தனார் போனில் அழுதாள். சில நாட்களிலேயே உடம்பு பலகையாகிவிட்டது, புரளக்கூட ஆள் வேண்டியிருந்தது. அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை. ஒரு மத்தியானம் சின்னவள்தான் கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"போன்ல தேடிப் படிச்சேன்க்கா. நீங்க படுக்கவே கூடாதாமே."

பெரியவள் சுவரைப் பார்த்தாள். "போ, போய் எல்லார்கிட்டயும் சொல்லு."

"யார்கிட்டயும் சொல்லல. எந்திரிங்க. ஒட்டிப்போச்சுன்னா, அப்புறம் ஊரே நம்பி என்ன ஆகப்போகுது?"

பெரியவள் கையை நீட்டினாள். கழுத்து சரியில்லாதவள் இடுப்பு சரியில்லாதவளைத் தூக்கி நிறுத்திய அழகைப் பார்க்கத் தெருவுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அடுத்த வருடம் சின்னவளுக்குக் கழுத்து தேறியது. லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் வீடும் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். மாமியாரும் அவளோடேயே போனார். அங்கே போனதும் அவருக்கு முட்டி வலி வந்துவிட்டதாகக் கேள்வி. பெரியவள் காலையில் பொது நீச்சல் குளத்துக்குப் போகிறாள். ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் காலை உதைக்கிறாள். பக்கத்தில் யாரோ ஒருத்தி மல்லாந்து, கண்ணை மூடி, சுண்டுவிரலைக்கூட அசைக்காமல் தண்ணீரில் படுத்திருக்கிறாள். பெரியவள் உதைத்துக்கொண்டே அவளைப் பார்க்கிறாள்.