லேபிளில் இருந்த ‘இரவு’

நெய்வேலியிலிருந்து வந்த மதிவாணன், பண்ருட்டி நாட்டு மருந்துக் கடையில் மாத்திரைப் புட்டியைத் திருப்பி வைத்தான். தூக்கத்துக்காக வாங்கியது, செடியிலிருந்து எடுத்த மெலடோனின்.

“மைன்ஸ்ல கரி ஓடுற பெல்ட்டு பக்கத்துலயே தூங்கி வுழுறேன்க்கா. இன்னொரு வாட்டி பாத்தாங்கன்னா கான்ட்ராக்ட் வேல போயிடும்.”

“எப்பப் போட்ட?” என்றாள் கடைக்காரி திலகவதி.

“லேபிள்ல இரவுன்னு போட்டிருக்கே. முழுங்கிட்டு நைட் ஷிஃப்ட்டுக்குப் போனேன்.”

“நல்லா போன போ! ஒனக்குக் காலைலதான்யா ராத்திரி.” சிரித்துக்கொண்டே லேபிளில் ‘இரவு’ என்பதை அடித்துக் ‘காலை’ என்று எழுதினாள்.

“அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறுதுக்கா.”

அவள் சிரிப்பு நின்றது. ‘காலை’யையும் அடித்தாள். பிறகு என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். கண்ணாடிப் பெட்டிமேல் நெற்றியைச் சாய்த்து அவன் காத்திருந்தான்.